காயம்பட்ட மூளையும் அடக்கும் மருந்தும்

தலையில் அடிபட்டு நினைவின்றிக் கிடந்தவர் கண் திறந்தால் வீட்டார் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த நிம்மதி பல சமயம் நாலு நாள்கூட நிலைப்பதில்லை. கண் திறந்தவர் மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்குகிறார். ஊசி போட வந்த நர்ஸை உதைக்கிறார். பெற்ற தாயை யாரென்று தெரியாமல் காது கூசும்படி ஏசுகிறார். இரவெல்லாம் கட்டிலைவிட்டு இறங்கப் பார்க்கிறார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அதே இரவில் பார்க்க இன்னும் இருபது பேர். 'ஒரு ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம்' என்ற முடிவு அங்கே இயல்பாகவே வந்துவிடுகிறது.

அந்த ஊசி பெரும்பாலும் ஹாலோபெரிடால். மாத்திரையாகத் தருவதென்றால் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், க்வெட்டியாபின் ஆகியவற்றில் ஒன்று. இவையெல்லாம் ஆன்டிசைக்காட்டிக் எனப்படும் மனச்சிதைவு நோய் மருந்துகள். மனச்சிதைவுக்கு இவை செய்த உதவி சாதாரணமானதல்ல. 1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் குளோர்புரோமசைனைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்துதான், ஆயுள் முழுக்கப் பூட்டிய வார்டுகளில் கிடந்தவர்கள் வீடு திரும்பும் காலம் தொடங்கியது. ஆறே ஆண்டுகளில் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வுக்கூடம் ஹாலோபெரிடாலை உருவாக்கியது. ஆனால் இந்த மருந்துகள் மனச்சிதைவு வார்டோடு நிற்கவில்லை. விபத்தில் மூளை கலங்கியவர், பக்கவாதம் வந்தவர், முதுமை மறதியில் தடுமாறுபவர் என்று, நரம்புத் திசுவே சேதமடைந்தவர்களிடமும் இவை போய்ச் சேர்ந்தன. நோய் வேறாக இருந்தாலும் வெளியில் தெரியும் ஆர்ப்பாட்டம் ஒன்றுபோல் இருந்தது. அதுவே காரணமாகிவிட்டது.

தலைக்காயத்திலிருந்து மீள்பவர் எந்தப் படியில் இருக்கிறார் என்று அளக்க, கலிஃபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மறுவாழ்வு மருத்துவமனை 1970களில் எட்டுப் படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தது. அதன் நான்காம் படிக்குப் பெயரே 'குழப்பமும் கொந்தளிப்பும்'. முதல் மூன்று படிகளில் நோயாளி ஆழ்மயக்கத்தில் கிடக்கிறார், பிறகு கிள்ளினால் மட்டும் அசைகிறார். அதைத் தாண்டி வந்தவர்தான் குழாயைப் பிடுங்குகிறார். அவர் மூளை விழித்துவிட்டது. ஆனால் புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்கும் திறன் இன்னும் வரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்னது அவருக்கு நடக்கவே இல்லை. தெரியாத இடம், தெரியாத முகங்கள், கட்டப்பட்ட கைகள், தொண்டையில் ஏதோ உறுத்தல். இந்த நிலையில் யாராக இருந்தாலும் திமிறத்தான் செய்வார்கள். 'பைத்தியம் பிடித்துவிட்டதா டாக்டர்?' என்று குடும்பம் பதறும் இந்தக் கட்டம், பலருக்கு ஏறிப்போகும் வழியில் ஒரு படி.

இந்தப் படியில் வைத்து ஹாலோபெரிடால் கொடுத்தால் மூளைக்குள் என்ன நடக்கிறது? ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1963இல் காட்டிய வழியில்தான் இன்றுவரை விடை சொல்கிறோம். இந்த மருந்துகள் டோபமின் என்ற வேதித்தூதன் நரம்பணுக்களில் போய்ச் சேரும் இடங்களை மறித்துக்கொள்கின்றன. மனச்சிதைவில் மிகையாக ஓடும் டோபமினுக்கு அணை போடுவது பயன் தருகிறது. அதே டோபமின்தான் ஒன்றைக் கவனிக்கவும், ஒரு செயலைத் தொடங்கவும், கற்கவும், கையைக் காலை ஒழுங்காக அசைக்கவும் தேவைப்படுகிறது. அடிபட்ட மூளை மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டியவை இவைதான். கடும் தலைக்காயத்தில் டோபமின் சுற்றுகளே பாதிக்கப்படுகின்றன. எஞ்சியிருப்பதையும் அடைத்தால் மீட்சி என்னவாகும் என்ற கேள்வி இங்கே எழுகிறது.

முதலில் பதில் சொன்னவை எலிகள். 1982இல் 'சயின்ஸ்' இதழில் டென்னிஸ் ஃபீனியும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எலிகளின் மூளையில் இயக்கத்துக்கான புறணியைச் சேதப்படுத்திவிட்டு, ஒடுங்கிய சட்டத்தின் மேல் நடக்க விட்டார்கள். சாதாரணமாகவே அவை மெல்ல மெல்லத் தேறின. ஒரே ஒரு வேளை ஆம்ஃபெட்டமின் கொடுத்தவை வேகமாகத் தேறின. ஹாலோபெரிடால் கொடுத்தவை பின்தங்கின. ஆம்ஃபெட்டமின் கொடுத்தும் நடக்க விடாமல் அடைத்துவைத்த எலிகளுக்கு எந்தப் பலனும் கிடைக்கவில்லை என்பது அந்த ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தால்தான் மீட்சி. இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால் வார்டுக் காட்சி தெரியும்: மருந்தால் மந்தமாகி, கட்டிலோடு கட்டப்பட்டு, பயிற்சிக்கும் வராமல் கிடக்கும் நோயாளி இரண்டு பக்கமும் இழக்கிறார். இதில் டோபமினோடு நோர்அட்ரினலினுக்கும் பெரும் பங்கு உண்டு என்பது ஃபீனியின் கருத்து. பின்னாளில் பிட்ஸ்பர்க்கில் ஆண்டனி கிளைன் குழுவினர், தலைக்காயம் பட்ட எலிகளுக்கு ஹாலோபெரிடாலையோ ரிஸ்பெரிடோனையோ நாள்தோறும் கொடுத்தபோது அவற்றின் இயக்கமும் கற்றலும் பின்னடைவதைக் கண்டனர். புதிய தலைமுறை மருந்து என்ற பெயர் ரிஸ்பெரிடோனைக் காப்பாற்றவில்லை.

எலி மனிதனல்ல என்று சொல்லி இதை ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மனிதர்களிடம் கிடைத்துள்ள சான்று மெலிந்தது. 1985இல் வந்த ஒரு சிறு ஆய்வில், ஹாலோபெரிடால் பெற்ற தலைக்காயத்தாருக்கு நினைவு சேராத காலம் நீண்டிருந்தது. ஆனால் மறுவாழ்வுப் பயிற்சியின் இறுதிப் பலனில் வேறுபாடு தெரியவில்லை. அதிகம் அடிபட்டவர்தான் அதிகம் கொந்தளிப்பார், அவருக்குத்தான் ஊசியும் போடுவார்கள். ஆகவே மீட்சி தாமதமானதற்குக் காரணம் மருந்தா காயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. லேரி கோல்ட்ஸ்டீன் 1995இல் பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்தபோதும் இதே சிக்கல் வந்தது. டோபமினை மறிக்கும் மருந்துகள், டயசிபாம் வகைகள், ஃபெனிட்டாயின் போன்றவற்றில் ஒன்றையாவது பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத் தேறினார்கள். சந்தேகம் வலுத்தது, தீர்ப்பு வரவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒரு சோதனை இன்னும் பேசத் தகுந்தது. டோபமின் இயக்கத்தைத் தூண்டும் அமன்ட்டடின் என்ற பழைய மாத்திரையை, காயம்பட்டு 4 முதல் 16 வாரங்கள் ஆகியும் முழு உணர்வு திரும்பாத 184 பேரிடம் சோதித்து ஜோசஃப் ஜியாசினோ குழு 2012இல் முடிவை வெளியிட்டது. நான்கு வாரச் சிகிச்சைக் காலத்தில் அமன்ட்டடின் பெற்றவர்கள் வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். டோபமினைத் தூண்டினால் விழிப்பு விரைகிறது என்று ஒரு கை எழுதிக்கொண்டிருக்க, அதையே மறிக்கும் ஊசியை இன்னொரு கை எழுதிக்கொண்டிருக்கிறது. ஒரே வார்டில் இரண்டும் நடக்கலாம். ஆனால் டோபமினைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்று இதை நீட்டிக்கொண்டு போகவும் முடியாது. பக்கவாதத்துக்குப் பின் 593 பேருக்கு லெவோடோபா கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் சோதனை 2019இல் எந்தப் பலனும் இல்லை என்றே முடிந்தது. கூட்டுவதால் நன்மை உறுதியில்லை. குறைப்பதால் தீமை வரலாம் என்ற ஐயம் பலமாக இருக்கிறது. இந்த நிலையில் நிரூபிக்கும் பொறுப்பு மருந்தைக் கொடுப்பவரிடமே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதிலும் நம் ஊர்த் தலைக்காய வார்டுகளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அடிபட்டவர் தினம் குடிப்பவரா? குடித்துவிட்டு இருசக்கர வாகனம் ஓட்டி விழுந்தவர் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கை நடுங்கி, வியர்த்து, இல்லாததைக் கண்டு அலறினால், அது காயத்தின் கொந்தளிப்பாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. மது திடீரென நின்றதால் வரும் பிதற்றல் நிலையாக இருக்கலாம். அதற்கு உரிய மருந்து டயசிபாம், லோரசிபாம் வகை. கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி. ஆன்டிசைக்காட்டிக் மருந்தை மட்டும் கொடுத்தால் அடிப்படை நோய் அப்படியே இருக்கும், வலிப்பு வரும் வாய்ப்போ கூடும். மூளை சேதமடைந்தவருக்கு வலிப்பு எளிதாகவே வரும்; இந்த வகை மருந்துகள் வலிப்புக்கான வரம்பை மேலும் தாழ்த்துகின்றன. குளோர்புரோமசைனும் குளோசபினும் இதில் முதல் வரிசை.

மதுவோடும் கதை முடிவதில்லை. நிரம்பிய சிறுநீர்ப்பை, அடைத்துக்கொண்ட கதீட்டர், பல நாள் மலச்சிக்கல், யாரும் கவனிக்காத விலா எலும்பு முறிவு, ரத்தத்தில் குறைந்த சோடியம், குறைந்த ஆக்சிஜன், நுரையீரல் தொற்று, மண்டையோட்டுக்குள் மெல்லச் சேரும் ரத்தக்கட்டு ஆகிய எதுவும் ஒருவரைக் கொந்தளிக்க வைக்கும். வாயால் சொல்ல முடியாதவர் உடம்பால் சொல்கிறார். ஊசி போட்டால் அவர் சொல்வது நின்றுவிடும், ரத்தக்கட்டு நிற்காது. போதாக்குறைக்கு, மயங்கிக் கிடப்பது மருந்தாலா, மூளைக்குள் அழுத்தம் கூடியதாலா என்று பிரித்தறியவும் முடியாமல் போகும். தலைக்காயத்தில் மணிக்கு மணி உணர்வு நிலையைக் குறித்துவைப்பதே உயிர் காக்கும் வேலை. அந்த அளவையே இந்த ஊசி கெடுக்கிறது.

எல்லாவற்றிலும் கொடிய பொறி அகத்தீசியா. மருந்தின் பக்கவிளைவாக உடம்புக்குள் ஏற்படும் அடங்காத தவிப்பு அது. உட்கார முடியாது, படுக்க முடியாது, கால்கள் நடந்துகொண்டே இருக்கத் துடிக்கும். மனச்சிதைவு நோயாளி 'உள்ளே ஏதோ பண்ணுது டாக்டர்' என்று சொல்லிவிடுவார். மூளைக்காயம் பட்டவருக்கோ முற்றிய மறதிக்காரருக்கோ சொல்லத் தெரியாது. எழுந்து எழுந்து ஓடுவார், தள்ளுவார், கத்துவார். பார்ப்பவர்களுக்கு நோய் முற்றியதாகத் தோன்றும். அளவைக் கூட்டுவார்கள். தவிப்பும் கூடும். இந்தச் சுழலை உடைக்க, மருந்து தொடங்கிய பிறகு நிலைமை மோசமானதா என்று யாராவது ஒருவர் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கூடவே இருந்து பார்க்கும் உறவினருக்குத்தான் அது முதலில் தெரியும்.

1960இல் டிலேயும் டெனிக்கரும் விவரித்த நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் இன்னொன்று. அரிதானது, ஆனால் ஆளைக் கொல்லக்கூடியது. கடும் காய்ச்சல், கட்டை போல் விறைத்த தசைகள், குழம்பிய உணர்வு, ஏறி இறங்கும் ரத்த அழுத்தம். தலைக்காயத்தில் காய்ச்சலுக்கும் விறைப்புக்கும் குழப்பத்துக்கும் வேறு காரணங்கள் எப்போதும் தயாராக இருப்பதால், இதைத் தவறவிடுவது எளிது. ரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் அளவைப் பார்ப்பதும் மருந்தை உடனே நிறுத்துவதும் சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டியவை.

காயத்தால் சேதமான மூளையைவிட, நோயால் மெல்லச் சிதையும் மூளையில் சான்று தெளிவாக இருக்கிறது. அதில் உச்சம் லூயி பாடி டிமென்ஷியா. 1912இல் ஃப்ரெட்ரிக் லூயி கண்டறிந்த புரதத் திரட்டுகள் நரம்பணுக்களில் படியும் நோய் இது. பார்க்கின்சன் நோயின் விறைப்பு, நாளுக்கு நாள் ஏறி இறங்கும் கவனம், அறையில் குழந்தைகளோ நாய்களோ நிற்பதுபோன்ற தெளிவான மாயக்காட்சிகள் எல்லாம் சேர்ந்து வரும். மாயக்காட்சி என்றவுடன் ஆன்டிசைக்காட்டிக் எழுதத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. 1992இல் பிரிட்டனின் இயன் மெக்கீத்தும் சகாக்களும், இந்த மருந்து பெற்ற லூயி பாடி நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் கடும் எதிர்விளைவு வருவதாக எழுதினார்கள்: திடீர் விறைப்பு, ஆழ்ந்த மயக்கம், விழுங்க முடியாமை, சிலருக்கு விரைவில் மரணம். டோபமின் அணுக்கள் முன்பே அழிந்துவரும் மூளையில் மிச்சத்தையும் மறித்தால் வேறென்ன நடக்கும்? இன்று இந்த நோயாளிகளுக்கு ஹாலோபெரிடாலைத் தவிர்ப்பதே பொதுவான மருத்துவ மரபு.

நடிகர் ராபின் வில்லியம்ஸின் கதையை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். 2011இல் பிராட்வே மேடையில் பக்கம் பக்கமாக வசனத்தை மறக்காமல் பேசியவர், 2014இல் ஒரு திரைப்படத்தில் ஒரு வரியைக்கூட நினைவில் வைக்க முடியாமல் பதறினார். அந்தப் பதற்றத்துக்கு அவருக்கு ஓர் ஆன்டிசைக்காட்டிக் தரப்பட்டது. அது சில விதத்தில் நிலைமையைச் சீராக்கியது, வேறு சில விதத்தில் மிக மோசமாக்கியது என்று அவர் மனைவி சூசன் ஷ்னைடர் வில்லியம்ஸ் 2016இல் 'நியூராலஜி' மருத்துவ இதழில் எழுதினார். மே மாதம் பார்க்கின்சன் என்றார்கள். ஆகஸ்டில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பிரேதப் பரிசோதனையில்தான் மூளை முழுக்கப் பரவியிருந்த லூயி திரட்டுகள் தெரியவந்தன. அந்த மருந்துதான் அவரைக் கொன்றது என்று சொல்ல யாருக்கும் ஆதாரமில்லை. ஆனால் உலகின் மிகச் சிறந்த மருத்துவம் எட்டும் தூரத்தில் இருந்த ஒருவருக்கே, நோயின் பெயர் தெரிவதற்கு முன் அறிகுறிக்கு மாத்திரை வந்துவிட்டது.

அல்சைமர் உள்ளிட்ட பொதுவான முதுமை மறதியைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. 2005 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மறதி நோயுள்ள முதியவர்களில் புதிய தலைமுறை மருந்து பெற்றோர் இறக்கும் வாய்ப்பு, வெற்று மாத்திரை பெற்றோரைவிட 1.6 முதல் 1.7 மடங்கு இருந்தது. சுமார் 10 வாரச் சோதனையில் ஒரு பக்கம் 4.5 சதவீதம், மறுபக்கம் 2.6 சதவீதம். பெரும்பாலான சாவுகள் இதயத்தாலோ நிமோனியா போன்ற தொற்றாலோ நேர்ந்தவை. மருந்துப் பெட்டியில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை கட்டாயமானது. 2008இல் ஹாலோபெரிடால் உள்ளிட்ட பழைய மருந்துகளுக்கும் அது நீண்டது.

அடுத்த ஆண்டு வந்த ஒரு சோதனை இன்னும் உறைக்கும். ஏற்கெனவே இந்த மருந்துகளைச் சாப்பிட்டுவந்த 165 அல்சைமர் நோயாளிகளில் ஒரு பாதிக்கு மருந்தைத் தொடர்ந்து, மறுபாதிக்கு வெற்று மாத்திரையாக மாற்றினார் பிரிட்டனின் கிளைவ் பாலார்ட். இரண்டு ஆண்டு முடிவில் மருந்து தொடர்ந்தவர்களில் 46 சதவீதமும், மாற்றப்பட்டவர்களில் 71 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் 30க்கு 59. அதே 2009இல் சுபே பானர்ஜி பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கை நாட்டளவில் கணக்குப் போட்டது: ஆண்டுக்கு 1,80,000 மறதி நோயாளிகள் இந்த மருந்துகளைப் பெறுகிறார்கள், பலன் அடைபவர் சுமார் 36,000 பேர், கூடுதல் மரணம் 1,800, கூடுதலான பக்கவாதம் போன்ற மூளை ரத்தநாள நிகழ்வுகள் 1,620. 2024இல் இங்கிலாந்தில் 1,73,910 நோயாளிகளின் பதிவுகளை வைத்து வந்த ஆய்வு நிமோனியா, சிறுநீரகச் செயலிழப்பு, ரத்தக்கட்டு, எலும்பு முறிவு, மாரடைப்பு என்று பட்டியலை நீட்டியது. நிமோனியாவின் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலேயே அபாயம் உச்சத்தில் இருந்தது. 'சும்மா கொஞ்ச நாளைக்கு' என்ற சமாதானத்தை இந்த ஒரு தகவலே கலைத்துவிடும்.

நிமோனியா ஏன் என்பது எளிதில் விளங்கும். டோபமின் மறிக்கப்பட்டால் விழுங்கும் தசைகளும் மந்தமாகும். தூக்கக் கலக்கத்தில் ஊட்டிய கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போகும். பக்கவாதத்தால் ஏற்கெனவே விழுங்கத் தடுமாறுபவருக்கு இது இரட்டை அடி.

இத்தனை விலைக்குக் கிடைப்பது என்ன? 2006இல் அமெரிக்காவில் 421 அல்சைமர் நோயாளிகளிடம் ஒலான்சபின், க்வெட்டியாபின், ரிஸ்பெரிடோன் மூன்றையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. பக்கவிளைவுகள் அதை விழுங்கிவிட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் டெலீரியம் எனப்படும் திடீர்க் குழப்ப நிலை கண்ட 566 பேரிடம் நடந்த 2018ஆம் ஆண்டுச் சோதனையில், ஹாலோபெரிடால் குழப்பத்தின் நாட்களைக் குறைக்கவே இல்லை.

ஆனாலும் இந்த மருந்து எப்போதுமே வேண்டாம் என்று எழுத எனக்கு மனமில்லை. தன் கண்ணையே பிடுங்கப்போகிறவரை, சுவாசக் குழாயை இழுத்துச் சாகப்போகிறவரை, பார்த்துக்கொள்ளும் மனைவியின் கழுத்தைப் பிடிப்பவரை வேறு எதனாலும் அடக்க முடியாத நேரம் உண்டு. மறதி நோயில் கடும் மூர்க்கத்துக்கு ரிஸ்பெரிடோனை அதிகபட்சம் ஆறு வாரம் தரப் பிரிட்டன் அனுமதிக்கிறது. 2023இல் எஃப்.டி.ஏ. அல்சைமர் கொந்தளிப்புக்கென்றே பிரெக்ஸ்பிப்ரசோலை அங்கீகரித்தது. அந்தப் பெட்டியிலும் அதே கறுப்புக் கட்டம் உண்டு. தலைக்காயக் கொந்தளிப்பில், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்தபடி புரொப்ரனலால் வகை மருந்தைத் தருவதற்கு ஆதாரம் ஒப்பீட்டளவில் நன்றாக இருக்கிறது. ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவருக்கு வீட்டார் தாமாகத் திடீரென நிறுத்திவிடவும் கூடாது; படிப்படியாகக் குறைப்பது மருத்துவர் கண்காணிப்பில் நடக்க வேண்டும். பலர் இப்படி நிறுத்திய பின்னும் மோசமாவதில்லை.

மருந்தில்லாத வழி என்றால் பாட்டுப் போடுவது, கைபிடித்துப் பேசுவது என்று நினைத்துச் சிரிப்பவர்களுக்கு நார்வே ஆய்வைச் சொல்வேன். பெட்டினா ஹுசெபோவின் குழு 2011இல் 18 முதியோர் இல்லங்களில் 352 மறதி நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியினருக்கு வலி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்காமல், வலி இருக்கக்கூடும் என்றே வைத்துப் படிப்படியான வலி நிவாரணம் தந்தார்கள். பெரும்பாலோருக்குக் கொடுத்தது வெறும் பாரசிட்டமால். எட்டு வாரத்தில் கொந்தளிப்பு 17 சதவீதம் குறைந்தது. மூட்டு வலியைச் சொல்லத் தெரியாத பாட்டியைத்தான் அதுவரை 'வயலண்ட்' என்று எழுதிவைத்திருந்தார்கள்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் மறதி நோயாளிகள் 88 லட்சம் பேர் என்பது 2023இல் வெளியான தேசிய ஆய்வின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் முதியோர் இல்லங்களில் இல்லை, வீட்டில் இருக்கிறார்கள். இரவில் விழித்திருப்பது மருமகள், மகள், மனைவி. மூன்று இரவு தூங்காதவரிடம் போய்க் கறுப்புக் கட்டத்தைப் பற்றிப் பேசுவது கொடுமையாகக்கூட இருக்கலாம். மாத்திரை அட்டையை நாம் நோயாளிக்கு மட்டும் எழுதுவதில்லை. ஆளில்லாத வீட்டுக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

பானர்ஜி அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்தில் நடந்தது இதை உறுதிசெய்கிறது. மறதி நோயாளிகளில் இந்த மருந்து பெறுவோர் 2006இல் சுமார் 17 சதவீதம். 2011இல் 7 சதவீதத்துக்கும் கீழ். பயிற்சியும் கண்காணிப்பும் வந்ததும் மருந்து இறங்கியது. 2020இல் கொரோனா வந்தது. முதியோர் இல்லங்களில் பார்வையாளர் வரத்து நின்றது, பணியாளர்கள் நோயில் விழுந்தார்கள், பகல்நேர நிகழ்ச்சிகள் மூடப்பட்டன. சில மாதங்களுக்குள் அந்த விகிதம் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது.